தாள்ல ஒண்ணும் போடலை

உங்க பொண்ணுங்களா இப்ப உள்ள போனது? செவப்புச் சுடிதாரு? நெனச்சேன். உங்க மூக்கு அப்படியே இருக்குது. எத்தனை பவருங்க? ஆறா? எனக்கு ஏழு இருந்துச்சுங்க, ரெண்டு கண்ணுலயும். இப்பப் பாருங்க, கண்ணாடி இருக்குதா? பதினோரு வருஷமாச்சு.

கத்தியா லேசரான்னு கேக்கறாங்களா? கேப்பாங்க, கேப்பாங்க. நீங்க என்ன சொன்னீங்க? யோசிச்சுச் சொல்றோம்னா? சரி, நான் சொல்றதையும் கேட்டுட்டு யோசிங்க. எனக்குக் கத்தி. என்ற ஓரகத்திக்கு லேசரு. ஓரகத்தின்னா, எங்கூட்டுக்காரரோட தம்பி சம்சாரம். மைதிலின்னு பேரு. ஒரே வீட்டுல ரெண்டு மாதிரியும் இருக்குது. என்னை விட்டா இதை உங்களுக்கு வேற யாருங்க சொல்ல முடியும்?

கடைசீல பவரைச் சரி பண்றது ரெண்டுலயும் லேசருதான். அதுல ஒண்ணும் வித்தியாசமில்லை. ஆனா அதுக்கு முந்தி கருவிழி மேல மெலிசா சீவி, மூடியாட்டத் தெறக்கணும். தெறந்து உள்ள லேசரு அடிச்சு, மறுபடி மூடிருவாங்க. தையலு கிடையாது, அதுவா ஒட்டிக்கும். அந்த மூடியை எதுல தெறக்கறதுங்கறதுதான் சங்கதி. எனக்கு ஒரு சின்ன மிஷினு, அதுக்குள்ள பிளேடு. ஒரே ஓட்டம். அவளுக்கு அதுக்கும் லேசரு. கத்தியே படலை.

அப்ப இந்த ஆஸ்பத்திரில லேசர்ல தெறக்கற மிஷினே வரலீங்க. இருந்தது கத்தி. நானும் பயப்படாமப் போய்ப் படுத்தேன். எங்க ஒரம்பரையில, சொந்தபந்தத்துல, அதுக்கு முன்னால ஒருத்தரும் பண்ணுனதில்லை. நாந்தான் மொதல்ல. மறுநா காலைல எந்திரிச்சுத் தலைமாட்டுல கண்ணாடியைத் தடவறேன், பழக்கதோசம். அப்புறந்தான் நெனப்பு வருது. ஜன்னல்ல பாக்கறேன், எதுத்த வீட்டுக் கம்பில காயற துணியில கிளிப்பு எத்தனைன்னு எண்ண முடியுதுங்க. எண்ணுனேன். பதினாலு.

திருப்பூர்ல எங்க தெருவே வந்துச்சு. "சாந்தாமணி, அந்த போர்டைப் படி. சாந்தாமணி, அந்த பஸ்ஸு எந்தூருக்குப் போகுது?" நான் படிப்பேன். பனியன் கம்பெனியில செக்கிங் டேபிள்ல எனக்குன்னு ஒரு பேரு. துணியில ஊசி போன ஓட்டை, எண்ணெய்க் கறை, எதுவும் என்ற கண்ணுக்குத் தப்பாது. "சாந்தாக்கா பாத்தாச்சா, அப்பப் பெட்டியில போடு"ன்னுதான் சூப்பர்வைசரு சொல்லுவாரு. கல்யாண வீட்டுக்குப் போனா, கண்ணாடி போட்ட பொண்ணுகளைப் பெத்தவங்கெல்லாம் என்ற பக்கத்துல வந்து உக்காருவாங்க. ஏழு வருஷம் அப்படிப் போச்சு.

அப்புறம் மைதிலி வந்தா.

நல்ல பொண்ணுங்க. நான் இல்லைங்கலை. கல்யாணத்துக்குக் கண்ணுக்குள்ள லென்ஸு வெச்சுக்கிட்டு வந்தா. எனக்கு மொத நாளே தெரிஞ்சு போச்சு, அவ கண்ணைச் சிமிட்டறதுலயே. அஞ்சு பவரு. "ஏன் அம்மணி மறைக்கறே, என்னையாட்டம் பண்ணிக்கோ"ன்னு நாந்தான் சொன்னேன். ஆமாங்க, நாந்தான். மூணு வருஷம் கழிச்சுப் பண்ணிக்கிட்டா. அவங்கப்பா பண்ணி வெச்சாரு, போன ஐப்பசில. கத்தி இல்லாம.

வீட்டுக்கு வந்ததும் பாக்கோணுமே கூட்டத்தை! "கத்தியே இல்லியாமா! அப்படியே வெளிச்சத்துலயே தெறந்துட்டாங்களாமா!" என்ற மாமியா ஒவ்வொருத்தருக்கும் காப்பி குடுத்துட்டுச் சொல்றாங்க, "பாவம், நம்ம பெரியவளுக்குக் கத்தில அறுத்துத்தான் பண்ணுனாங்க. அப்ப அவ்வளவுதான் இருந்துச்சு." பாவமாம். பத்து வருஷமா நான் பாவமா இருந்தனா? நான் சமையக்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டிருக்கறேன். ஒருத்தராச்சும் என்னை போர்டைப் படிக்கச் சொல்லலை. அவளைத்தான் மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் தண்ணி டேங்கில எழுதியிருக்கறதைப் படிக்கச் சொல்றாங்க. படிச்சா. நானும் பின்னாலயே போயி, அடுத்த தெரு டவர்ல தொங்கற சின்னப் பலகையைப் படிச்சுக் காட்டினேன். "அட, இன்னும் தெரியுதா உனக்கு?"ன்னு கேக்கறாங்க.

பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு எதுக்குப் பொறாமை? வயசுல பதினோரு வருஷம் சின்னவ. நான் நியாயத்தைச் சொல்றேன்.

கார்த்திகை தீபத்தன்னைக்குத்தான் எனக்கு மனசு பொக்குனு போச்சு. வாசல்ல வெளக்கு வெச்சுட்டு ரெண்டு பேரும் நிக்கறோம். எனக்கு ஒவ்வொரு வெளக்கைச் சுத்தியும் பூனை மீசையாட்டம் கோடு கோடா நீட்டிட்டு இருக்குது. அது எப்பவும் இருக்கறதுதான். ஆபரேஷன் ஆன நாள்ல இருந்து இருக்கும்னு வெச்சுக்கங்க. நான் அதைக் கணக்குலயே எடுத்துக்கிட்டதில்லை. வெளக்குன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். சும்மா கேட்டேன், "மைதிலி, உனக்கு வெளக்கைச் சுத்திக் கோடு தெரியுதா?"

அவ நல்லாப் பாத்துட்டு, "இல்லீங்க்கா. சுடர் சுடராத்தான் இருக்குது. எவ்வளவு அழகா இருக்குது பாருங்க"ங்கறா.

பாருங்கங்கறா! நான் எப்படிங்க பாக்கறது?

அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலை. அவளுக்குச் சுடரு, எனக்கு மீசை. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே படுக்கை. கத்தி ஒண்ணுதானே வித்தியாசம்? எங்கூட்டுக்காரரு கிட்டச் சொன்னா, "பத்து வருஷமா மீசையைப் பத்திப் பேசலை, இன்னைக்கு என்ன?"ன்னுட்டு டீவி பாக்கறாரு.

இதுக்கு மூணு நாள் கழிச்சு, மைதிலிக்கு வெளிச்சம் ஆகலை.

பார்வை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வெளிச்சம் பட்டாக் குத்துதுன்னா. ஜன்னலைத் தெறந்தா குத்துது, டியூப்லைட்டு குத்துது, செல்போனு குத்துது. கண்ணுல மாலை மாலையாத் தண்ணி. அவளுக்கு வேலையே கம்ப்யூட்டருக்கு முன்னாலதான். துணிக் கம்பெனிகளுக்கு லேபிள் வரைஞ்சு குடுப்பா, பூவும் கொடியுமா. ரெண்டு வருஷம் காத்திருந்து வாங்குன வேலை. லீவு சொல்லிட்டு, அறையில ஜன்னலுக்குச் சேலையைக் கட்டிட்டு, கறுப்புக் கண்ணாடியோட படுத்துட்டா. என்ற கொழுந்தனாரு நூல் வாங்கற வேலையாச் சூரத்துக்குப் போயிருந்தாரு. என்ற மாமியா சோத்தைப் பெசஞ்சு ஊட்டி விடறாங்க. எனக்கு ஆபரேஷன் ஆன நாலாம் நாளு நான் எந்திரிச்சு ஏழு பேருக்குச் சோறாக்கினேனுங்க. எனக்கு ஆரும் ஊட்டலை. நான் நடிப்புன்னுதான் நெனச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

ஆஸ்பத்திரில ஒரு தாள் குடுப்பாங்க. உங்க பொண்ணுக்கும் குடுப்பாங்க, பத்திரமா வெச்சுக்கங்க. என்ன மருந்து, எத்தனை நாளு, என்ன ஆனா உடனே போன் பண்ணோணும்னு தமிழ்லயே அச்சடிச்சிருக்கும். அவளோட தாளு வெச்ச ஆஸ்பத்திரிப் பை என்ற பீரோவுல இருந்துச்சு. மைதிலி கூப்பிட்டா.

"அக்கா, அந்தத் தாளைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? இப்படிக் குத்துனா என்ன பண்றதுன்னு போட்டிருக்குதான்னு பாருங்க. எனக்கு லைட்டைப் போட்டுப் படிக்க முடியலீங்க்கா."

நான் போயி பீரோவைத் தெறந்து எடுத்தேன். படிச்சேன். ரெண்டாம் பக்கம், கீழ இருந்து நாலாவது வரி. இன்னும் எனக்கு மனப்பாடம். 'லேசர் முறையில் செய்துகொண்ட சிலருக்கு, பார்வை தெளிவாக இருந்தாலும், சில வாரங்கள் கழித்து வெளிச்சம் கூசலாம். பயப்பட வேண்டாம். உடனே தொலைபேசியில் அழைக்கவும்.' அதுக்குக் கீழ நம்பரு.

நான் அந்த வரியை ரெண்டு வாட்டி படிச்சேன். மொத வாட்டி படிக்கறப்ப என்ன நெனச்சேன் தெரியுங்களா? லேசர்லயும் ஒரு கொறை இருக்குதுன்னு நெனச்சேன். அச்சுலயே போட்டிருக்குது! கத்திக்கு இப்படி ஆனதா எங்கயும் போடலை. அதை அப்படியே எடுத்துட்டுப் போயி மாமியாகிட்டக் காட்டோணும்னுதான் மொதல்ல தோணுச்சு. காட்டியிருந்தாலும் தேவலை. அவங்க போனாவது பண்ணியிருப்பாங்க.

அறை வாசல்ல போயி நின்னேன். உள்ள இருட்டு. அவ, "என்னங்க்கா போட்டிருக்குது?"ன்னா.

"தாள்ல ஒண்ணும் போடலை"ன்னேன்.

"ஒண்ணுமே போடலையா?"

"மருந்து விடோணும், கண்ணைக் கசக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது. அவ்வளவுதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேக்கட்டுமாக்கா?"

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தானாப் போயிரும்."

எனக்கு அப்படி ஒரு நாளும் இருந்ததில்லைங்க.

"சரிங்க்கா. நீங்க சொன்னாச் சரி"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் தாளைச் சேலைக்கு அடியில வெச்சேன். ஒளிச்சு வெச்சேன்னு சொல்ல முடியாது. பீரோவுல வேற எங்கங்க வெப்பாங்க?

ரெண்டு நாள்ல சொல்லிரலாம்னுதான் இருந்தேன். இப்பத்தான் அந்த வரி கண்ணுல பட்டுதுன்னு சொல்லிரலாம்னு. ரெண்டு நாளு நாலு நாளாச்சு. நாலு நாளானப்பறம், ஏன் அன்னைக்குச் சொல்லலைன்னு கேட்டா என்ன சொல்றது? அப்படியே பதினேழு நாளு. நான் தெனமும் அவ அறைக்குக் காப்பி கொண்டு போனேனுங்க. ஒரு நா கூடத் தவறலை.

கொழுந்தனாரு ஊர்ல இருந்து வந்த அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாரு. உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க. ஒரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க. அஞ்சு நாள்ல அவ ஜன்னல்ல கட்டுன சேலையை அவிழ்த்துட்டா. ஆனா வேலை போயிருச்சு. அவசர ஆர்டருன்னு வேற ஆளைப் போட்டுட்டாங்க. "பரவால்லைங்க்கா, வேற தேடிக்கலாம்"ன்னா. அழுவலை. இப்ப ஒரு ஜெராக்ஸ் கடையில கல்யாணப் பத்திரிக்கை டைப் அடிச்சுட்டு இருக்கறா. பூவும் கொடியும் ஏற்கெனவே அதுலயே இருக்குமாம், பேரை மாத்துனாப் போதுமாம்.

பொங்கலப்ப ஒரம்பரை வந்திருந்தாங்க. நான் அடுப்புல கையா இருந்தேன். "மைதிலி, பீரோவுல இருந்து என்ற பச்சைப் பட்டுச் சேலையை எடுத்துட்டு வா"ன்னு சொல்லிட்டேன். அவ போனப்பறந்தான் எனக்குத் தாளு நெனப்பு வந்துச்சு. சேலையோட வந்தா. "இந்தாங்க்கா"ன்னா. மொகத்துல ஒண்ணுமில்லை. அப்பாடான்னு இருந்துச்சு. பொழுது சாஞ்சு பீரோவைத் தெறந்து பாத்தா, அடியில இருந்த தாளு எல்லாச் சேலைக்கும் மேல இருக்குது. ரெண்டாம் பக்கம் மேல தெரியற மாதிரி மடிச்சு.

இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலைங்க. எட்டு மாசம். வீட்டுல ஆருகிட்டயும் சொல்லலை. அக்கா, சாப்பிட்டீங்களா. அக்கா, மழை வருது, துணி எடுத்துட்டேன். இது என்னங்க நியாயம்? ஒரு சண்டை போட்டா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அதுலயும் அவளே பெரிய மனுசி ஆகோணுமா? கண்ணும் அவளுக்கே தெளிவு, மனசும் அவளுக்கே தெளிவா?

அதுக்கப்புறம் என்ற கண்ணு ரொம்ப மோசமாயிருச்சு. மீசை நீண்டுட்டே போகுது. கண்ணு உறுத்துது. செக்கிங்ல பக்கத்துல வெச்சுப் பாத்தா ஓட்டை தெரியறதில்லை. ரெண்டு வாட்டி பெட்டி திரும்பி வந்துச்சு. சூப்பர்வைசரு, "சாந்தாக்கா, ஒரு கண்ணாடி போட்டுக்கங்களே"ங்கறாரு. கண்ணாடி! என்னை! எல்லாம் அந்தக் கத்தியினால வந்ததுதான். மறுபடியும் தெறந்து லேசர்லயே பண்ணிரோணும்னு முடிவு பண்ணிட்டேன். எங்கூட்டுக்காரரு சிரிக்கறாரு. மைதிலிதான், "எனக்கும் வருஷாந்திர செக்கப்பு இருக்குதுங்க்கா, நான் கூட்டிட்டுப் போறேன்"ன்னா. அப்படித்தான் இன்னைக்கு வந்தோம்.

சித்தெ முன்னாடிதான் ரெண்டு பேருக்கும் பாத்தாங்க. மொதல்ல அவ. எழுத்துப் பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சா. ஒரு எழுத்துல கொஞ்சம் தடுமாறுனா. அப்புறம் நான். கடைசி வரி வரைக்கும். தடுமாறலை. இதை நீங்க கவனிக்கோணும்.

டாக்டரம்மா ஒரு காயிதத்துல படம் போட்டுக் காட்டுனாங்க. "கத்தில தெறந்தா மூடி நடுவுல மெலிசா, ஓரத்துல கொஞ்சம் தடியா வரும். லேசர்ல தெறந்தா எல்லாப் பக்கமும் ஒரே தடிமன். சொன்ன கனத்துக்கு வரும். அதனால மங்கல் வெளிச்சத்துல சிலருக்கு லேசர்ல கொஞ்சம் தெளிவு கூட இருக்கலாம்மா. மூடி சரியா வராமப் போற சிக்கலும் கொறைவு. ஆனா எழுத்துப் படிக்கறதுல, நாளானா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உங்க ரெண்டு பேரையும் இப்பப் பாத்தேனே, ஒரே வரிதான்."

"தெளிவு கூடன்னு சொன்னீங்களே"ன்னு கேட்டேன்.

"சிலருக்குன்னு சொன்னேன். உங்க மூடி அருமையா ஒட்டியிருக்குது. அதைத் திரும்பத் தெறக்க ஒரு காரணமும் இல்லை. உங்களுக்கு இப்பக் கண்ணு வறண்டிருக்குது. மீசை அதிகமாத் தெரியறது அதனால. பக்கத்துல தெரியாதது வயசுனால. நாப்பத்திரெண்டு ஆச்சில்ல? வெள்ளெழுத்து. படிக்கறதுக்கு மட்டும் ஒரு கண்ணாடி எழுதித் தர்றேன். கத்தில பண்ணியிருந்தாலும் வரும், லேசர்ல பண்ணியிருந்தாலும் வரும்."

அந்தச் சீட்டுக்குத்தான் உக்காந்திருக்கறேன். மைதிலிக்கும் வரும்னு சொன்னாங்க, நாப்பதுக்கு மேல. இன்னும் ஒம்பது வருஷம் இருக்குது அவளுக்கு.

அப்புறம் டாக்டரம்மா மைதிலியோட ஃபைலைப் பாத்துட்டுக் கேட்டாங்க. "உங்களுக்கு வெளிச்சம் கூசி, பதினேழு நாள் கழிச்சு வந்திருக்கீங்க. ஏன் அவ்வளவு நாளு? அன்னைக்கே போன் பண்ணியிருந்தா அஞ்சு நாள்ல போயிருக்குமே. தாள்ல போட்டிருக்கோமே, படிக்கலையா?"

நான் நாற்காலியைப் புடிச்சுக்கிட்டேன். இப்பச் சொல்லப் போறான்னு இருந்தேன். சொல்லட்டும்னு கூட இருந்துச்சு.

அவ, "தாள் தொலைஞ்சு போச்சுங்க டாக்டர்"ன்னா. என்னைப் பாக்கவே இல்லை. சுவத்தைப் பாத்துச் சொன்னா.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலைங்க. இதையும் அவகிட்ட நான் வாங்கிக்கோணுமான்னு இருந்துச்சு. வாயி அதுவாத் தெறந்துக்குச்சு.

"தொலையலீங்க. என்ற பீரோவுல இருந்துச்சு. இவ படிக்கச் சொன்னா. நான் படிச்சுட்டு ஒண்ணும் போடலைன்னு சொல்லிட்டேன்."

டாக்டரம்மா எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. நான் அவங்களைப் பாக்கலை. மைதிலியைத்தான் பாத்தேன். அவ அப்பத்தானுங்க அழுதா. பதினேழு நாளு இருட்டுல கெடந்தப்ப அழுவலை, வேலை போனப்ப அழுவலை. இப்பத் துப்பட்டாவை வாய்ல வெச்சுக்கிட்டு, தோள் குலுங்குது.

"எதுக்குங்க்கா?"ன்னு கேட்டா. "நான் உங்களை என்னங்க்கா பண்ணுனேன்?"

வெளக்கு, மீசைன்னு ஆரம்பிச்சேன். சொல்லச் சொல்ல அது எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. பாதியில நிறுத்திட்டேன். அவ எந்திரிச்சு வெளிய போயிட்டா. அரை மணி நேரம் ஆகப் போகுது. பஸ் ஏறிப் போயிட்டாளோ என்னமோ. போனாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு வழி தெரியும், போர்டு படிக்கத் தெரியும். நான் போயிக்குவேன்.

உங்க பொண்ணுக்கா? லேசர்லயே பண்ணுங்க, தோது இருந்தா. இல்லைன்னாக் கத்தியும் நல்லதுதான். ரெண்டுலயும் கடைசி வரி தெரியும்.

அதோ. வர்றா பாருங்க, அந்த மருந்துக் கடையைத் தாண்டி, நீலத் துப்பட்டா. இவ்வளவு தூரத்துல எனக்கு நல்லாத் தெரியுது. கையில டீ இருக்குது. ஒண்ணுதான் வாங்கியிருக்கறா. குடிச்சுக்கிட்டே வர்றா. எங்க போனாலும் எனக்கும் சேத்துத்தான் வாங்குவா.

சரி. அது நியாயந்தானுங்க.

இந்தப் பக்கமாத்தான் வர்றா. சித்தெ தள்ளி உக்காருங்க, அவளுக்கு எடம் வேணும்.